நெறி கட்டினால் உருவாதீர்கள்: காயம் பட்டால் நாம் செய்யும் தவறுகள்

காலில் முள் குத்தி இரண்டு நாள் ஆனதும் தொடை இடுக்கில் பாக்கு அளவுக்கு நெறி கட்டும். வீட்டில் யாராவது எண்ணெய் தேய்த்து உருவிவிட வருவார்கள். வேண்டாம். அது நிணநீர் முடிச்சு. காயத்தில் நுழைந்த பாக்டீரியாவின் துண்டுகளைச் சில செல்கள் அங்கே சுமந்து வருகின்றன. அந்தக் கிருமிக்குப் பொருந்துகிற வெள்ளணுக்கள் உள்ளே மளமளவெனப் பெருகுகின்றன. வீக்கமும் வலியும் அதனால்தான். உருவினால் வலிதான் கூடும். பார்க்க வேண்டியது காலை: முள்முனை உள்ளேயே தங்கிவிட்டதா, சீழ் பிடித்திருக்கிறதா?

அப்புறம் அந்தச் சீழ். "கெட்ட ரத்தம், பிதுக்கி விடு" என்பார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி, கிருமியோடு போராடி மடிந்த நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள். எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. கட்டியைச் சுற்றி உடல் போட்டிருக்கும் வேலியை நகத்தால் அழுத்தி உடைத்தால் கிருமி உள்பக்கம் பரவலாம். மூக்கு, மேலுதட்டுப் பக்கம் வரும் கட்டியில் கை வைக்கவே கூடாது. அங்குள்ள சிரைகளுக்கு மூளையின் அடிப்பகுதிச் சிரைகளோடு தொடர்பு உண்டு. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பெரிய கட்டி என்றால் மருத்துவர் கீறி எடுக்கட்டும்.

காயத்தில் காபித்தூள் அப்பாதீர்கள். சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போதும்.

எனக்கு அதிகம் கவலை தருவது, "துருப்பிடிக்காத ஆணிதானே, டி.டி. ஊசி எதற்கு?" என்ற பேச்சு. டெட்டனஸ் துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் பாக்டீரியா வித்துகளால் வருகிறது; காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயம் அவற்றுக்குத் தோதான இடம். இந்த நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. அதன் நஞ்சு அவ்வளவு கொடியது. ஆளைக் கொல்லப் போதுமான அளவுகூட, உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கப் போதாது. தடுப்பூசியில் அதே நஞ்சைத் தீங்கில்லாததாக்கி, உடலின் கண்ணில் படும் அளவுக்குத் தருகிறார்கள். அதனால் வேறு வழியில் கிடைக்காத பாதுகாப்பு ஊசியில் கிடைக்கிறது. அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று குறித்து வையுங்கள்.

போன தடவை மீந்த ஆன்டிபயாடிக்கை விழுங்குவதும் தவறு. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, எப்போது காத்திருக்கக் கூடாது? காயத்திலிருந்து இடுக்கை நோக்கிச் சிவப்புக் கோடு ஏறினாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.