ஆம்புலன்ஸ் வந்துசேரும் வரை: கோலாலம்பூர், பினாங்கு வீடுகளுக்குத் திரும்புவோர் கவனத்திற்கு

லண்டனிலோ மெல்பர்னிலோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டவர்களுக்கு, அழைத்தால் உடனே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை மனத்தில் ஊறிப்போயிருக்கும். அதே நம்பிக்கையோடு தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் செந்தூல் வீட்டிலோ பட்டர்வொர்த் வீட்டிலோ வந்து இறங்குவது ஆபத்து. இங்கே மலேசியாவில் அவசர எண் 999 வேலை செய்கிறது, எடுத்துப் பேசுகிறார்கள், வண்டியும் வருகிறது. எப்போது வரும் என்பதைத்தான் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வயதான அம்மா அப்பா இருக்கும் வீடென்றால், வந்த முதல் நாளே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, கீழே சொல்லியிருப்பதைப் பார்த்துவிடுங்கள்.

முதலில், அழைப்பு எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2007 முதல் போலீஸ், பொம்பா (தீயணைப்புத் துறை), ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை எல்லாவற்றுக்கும் 999 ஒன்றுதான். கைப்பேசியில் 112 அழுத்தினாலும் அங்கேதான் போய்ச் சேரும். முதலில் எடுப்பவர் அழைப்பு மையத்தின் ஊழியர். எந்தச் சேவை, எந்த இடம் என்று கேட்டுக்கொண்டு உரிய துறைக்கு மாற்றிவிடுவார். அங்கே எடுப்பவர் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்பார். “இப்போதுதானே சொன்னேன்” என்று கத்தாதீர்கள். இரண்டு முறை சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அழையுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை வைக்க வேண்டாம். வைத்த பிறகு அந்தக் கைப்பேசியில் தம்பிக்கும் அத்தைக்கும் செய்தி சொல்லத் தொடங்கினால், வழி கேட்டு ஓட்டுநர் அழைக்கும்போது லைன் கிடைக்காது. உறவினருக்குச் சொல்ல வேறொருவரின் கைப்பேசியை எடுங்கள்.

பேச்சு மலாயில் நடக்கும். ஆங்கிலமும் செல்லும், ஆனால் பதற்றத்தில் இரு பக்கமும் தடுமாறும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மலாய் சுத்தமாக வராது. ஆகவே ஒரு தாளில் இந்தச் சொற்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்: நெஞ்சுவலிக்கு “சாக்கிட் டாடா”, மூச்சுத்திணறலுக்கு “செசாக் நாஃபாஸ்”, மூச்சே இல்லையென்றால் “தாக் பெர்னாஃபாஸ்”, நினைவில்லாமல் கிடந்தால் “தாக் செடார் டிரி”, பக்கவாதத்துக்கு “அங்கின் அஹ்மார்”, பாம்பு கடித்தால் “டிபாத்துக் உலார்”, வீடு தீப்பிடித்தால் “ருமா தெர்பாக்கார்”. அதன் கீழே முகவரி. அதற்கும் கீழே பெற்றோரின் மருந்துகள், அளவு, ஒவ்வாமை, அடையாள அட்டை எண், வழக்கமாகப் போகும் மருத்துவமனை.

முகவரி என்றதும் வீட்டு எண்ணும் சாலைப் பெயரும் போதும் என்று நினைக்கிறோம். ஜாலான் மாவார், ஜாலான் கெனாங்கா போன்ற பூப்பெயர்ச் சாலைகள் தாமானுக்குத் தாமான் (குடியிருப்புப் பகுதிக்குப் பகுதி) உண்டு. தாமான் பெயர், அஞ்சல் குறியீடு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் (கோவில், பள்ளி, பெட்ரோல் நிலையம்) மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சீனர் வழக்கத்தை ஒட்டி 4-ஐத் தவிர்த்து 3A என்றும், 14-ஐத் தவிர்த்து 13A என்றும் எண் போட்ட வீடுகளும் மாடிகளும் இங்கே ஏராளம். உங்கள் வரிசை அப்படி இருந்தால் “தீகா ஏ, 3-க்கும் 5-க்கும் நடுவில்” என்று விளக்கிச் சொல்லுங்கள். வாசல் எண் மங்கியிருந்தால் கடையில் ஒளிரும் ஒட்டெழுத்து வாங்கி, சாலையிலிருந்து தெரியும்படி ஒட்டுங்கள். இரவில் டார்ச் அடித்து வீடு வீடாகத் தேடும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

பல தாமான்களில் குடியிருப்பாளர் சங்கம் பாதிச் சாலைகளைத் தடுப்பு வைத்து அடைத்திருக்கும். வரைபடச் செயலி அடைத்த வழியைத்தான் காட்டும். எந்த வாசல் திறந்திருக்கும், இரவில் எது என்பதைக் காவலரிடம் கேட்டு அந்தத் தாளிலேயே எழுதுங்கள். காவல்கூண்டின் எண்ணும் அங்கே இருக்கட்டும். அழைத்தவுடன் ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்க வேண்டும். அடுக்குமாடி என்றால் இன்னொருவர் லிஃப்டைக் கீழே பிடித்து வைத்திருக்க வேண்டும். பழைய அடுக்குமாடிகளின் சின்ன லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுத்த நிலையில் நுழையாது. முதுகுள்ள வலுவான நாற்காலியில் உட்காரவைத்து இறக்கும் வழியை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பில் அடிபட்டவருக்கு மட்டும் இது கூடாது.

இனி, நம் வீடுகளிலேயே மிக மோசமான இடத்துக்கு வருவோம்: வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும். திருடனுக்குப் பயந்து மூன்று பூட்டுப் போட்டு, சாவியை எங்கோ ஒளித்து வைக்கிறோம். தீ விபத்துகளில் கிரில்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு இறந்தவர்கள் இந்நாட்டில் பலர். படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கிரில் செய்பவரை அழைத்துக் கீல் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. வீட்டிலுள்ள எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி பொருந்தும்படியான பூட்டுத் தொகுதி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அதை வாங்கி, ஒவ்வொரு கிரில்லுக்கும் அருகே, வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத இடத்தில், ஆணியடித்து ஒரு சாவி தொங்கவிடுங்கள். 24 அங்குலப் பூட்டு வெட்டும் கத்தரி ஒன்றும் மேல்மாடியில் இருக்கட்டும். ஆனால் கடினப்படுத்திய எஃகு வளையமுள்ள பூட்டை அது வெட்டாது என்பதால் சாவிதான் முதல் வழி. விளக்கை அணைத்துவிட்டு, சாவியைத் தடவி எடுத்துத் திறந்து வெளியே வர எத்தனை நிமிடமாகிறது என்று அப்பாவை ஒரு முறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். அப்போதே குறை தெரிந்துவிடும்.

ஆட்டோ கேட் வேறு வகைத் தொல்லை. மின்சாரம் போனால் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில்தான் அது ஓடும். அந்தப் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் செத்துவிடும், ஆனால் மின்சாரம் இருக்கும் வரை யாருக்கும் தெரியாது. மோட்டாரின் மேலோ பக்கத்திலோ சாவி போட்டுத் திருப்பும் விடுவிப்பான் இருக்கும். அதைத் திருப்பினால் கேட்டைக் கையால் தள்ளலாம். அந்தச் சாவி பொருத்தியவர் கொடுத்த உறையிலேயே எங்கோ கிடக்கும். தேடி எடுத்து, திருப்பிப் பார்த்து, துரு பிடித்திருந்தால் எண்ணெய் விடுங்கள்.

காப்பர் கம்பி இருந்த காலத்தில் வீட்டுத் தொலைபேசி மின்வெட்டிலும் வேலை செய்தது. ஃபைபர் வந்த பிறகு மோடம் அணைந்தால் போனும் அணைந்துவிடும். மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைப்பது முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு அவசியம்.

வண்டி வருவதற்குள் வீட்டில் செய்ய வேண்டியவை. ஒருவர் நினைவின்றி, மூச்சின்றி, அல்லது விட்டு விட்டுத் திணறி மூச்சு வாங்கிக் கிடந்தால், கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு 999-ஐ அழைத்தபடியே தரையில் படுக்கவைத்து நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. மெத்தையில் வைத்து அழுத்தினால் பயனில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். ஒருவரே தொடர்ந்தால் அழுத்தம் மேலோட்டமாகிவிடும். மாரடைப்பு என்று சந்தேகப்பட்டு ஆள் நினைவோடு இருந்தால், ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லையெனில் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யலாம்.

பக்கவாதத்தில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையில் அடைப்பா இரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் என ஒன்றைப் பார்த்தாலும், கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. விரல் நுனியை ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சரியாகும் என்ற வாட்ஸ்அப் செய்தி இங்கே இன்னும் சுற்றுகிறது. யாராவது ஊசியோடு வந்தால் தடுத்துவிடுங்கள்.

சர்க்கரை குறைந்து வியர்த்து நடுங்குபவர் விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். நாகம் கடித்தால் இறுக்கிக் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் தவறு. கடிபட்ட கையையோ காலையோ மட்டை வைத்து அசையாமல் கட்டி, மோதிரம் வளையலைக் கழற்றி, தூர நின்று பாம்பைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். படமெடுக்க முடியாவிட்டால் பாம்பைத் தேட வேண்டாம். பிள்ளைகள் மருந்தோ மண்ணெண்ணெயோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய விஷ மையத்தின் எண் 1-800-88-8099. பேச்சுமூச்சில்லாத பிள்ளைக்கு மட்டும் முதலில் 999.

காத்திருப்பதா, சொந்தக் காடியில் (காரில்) கொண்டுபோவதா? இதுதான் எல்லோரையும் தடுமாற வைக்கும் கேள்வி. மூச்சு நின்றவர், கழுத்தோ முதுகோ அடிபட்டவர், வலிப்பு நிற்காதவர்: காத்திருங்கள், வழியில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. நினைவோடு இருக்கும் நெஞ்சுவலிக்காரர், பக்கவாதம், பாம்புக்கடி: எத்தனை நிமிடம் ஆகும் என்று நேரடியாகக் கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றாலோ, நீங்கள் போய்ச்சேரும் நேரத்தைவிட அது அதிகம் என்றாலோ, கிளம்பிவிடுவது மேல். ரத்து செய்துவிட்டதாக 999-க்குச் சொல்ல மறக்காதீர்கள். நோயாளி ஓட்டக் கூடாது. ஓட்டுபவர் ஒருவர், பின்னால் கூட உட்காருபவர் ஒருவர். 24 மணிநேரக் கிளினிக்குக்குப் போவது நேரத்தைத் தின்றுவிடும். அங்கிருந்தும் உங்களை மருத்துவமனைக்கே அனுப்புவார்கள்.

எங்கே போவது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். கோலாலம்பூரில் இதயத்துக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இதயக் கழகம், மற்றவற்றுக்கு ஜாலான் பகாங் பெரிய மருத்துவமனை அல்லது லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை. பினாங்குத் தீவில் ஜாலான் ரெசிடென்சி பெரிய மருத்துவமனை. பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இருப்பவர்கள் பாலத்தைக் கடந்து தீவுக்கு ஓட வேண்டாம், செபராங் ஜெயா மருத்துவமனை அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், நடுவில் ஒரு விபத்து நடந்தால் திரும்ப வழியில்லை. ஃபெரியில் இப்போது காடி ஏற்ற மாட்டார்கள். மாலை ஆறு மணி மழையில் ஒரு முறை அந்தப் பாதையில் ஓட்டிப் பாருங்கள்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் இவற்றின் உள்ளூர்க் கிளை எண்ணையும், ஒரு தனியார் ஆம்புலன்ஸ் எண்ணையும் சேமித்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு முறை அழைத்து, இரவிலும் எடுப்பார்களா, ஆக்சிஜன் உண்டா, கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ரொக்கம் கொஞ்சம் வீட்டில் இருக்கட்டும். தனியார் மருத்துவமனையில் முன்பணமோ காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதமோ கேட்பார்கள். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணமே கட்ட வேண்டும். பயணக் காப்புறுதி இல்லாமல் வராதீர்கள்.

தைப்பூச நாளில் பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் சாலைகள் அடைபடும், வெளியிலிருந்து வண்டி உள்ளே நுழைய நேரமாகும். அன்று 999-ஐவிட முதலுதவிக் கூடாரம்தான் அருகில் இருக்கும். போனவுடன் அது எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதய நோயுள்ள பெரியவரைப் பத்துமலையின் 272 படிகள் ஏற்றுவதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெள்ளம் வந்தால் கணக்கே வேறு. 2021 டிசம்பர் 18-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியபோது, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மேல்மாடியிலும் கூரையிலும் ஒரு நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் உண்டு. 2017 நவம்பரில் பினாங்கும் அப்படித்தான் மூழ்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்கும்போது எந்த எண்ணும் தாங்காது. தாழ்வான தாமான் என்றால் மேல்மாடியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் மூன்று நாள் குடிநீர், ஒரு வார மருந்து, பவர்பேங்க், விசில், டார்ச் இருக்க வேண்டும். தண்ணீர் வாசலைத் தொடும்போதே மெயின் சுவிட்சை அணையுங்கள்; கால் நனைந்த பிறகு அதைத் தொடாதீர்கள்.

திரும்பிப் போன பிறகு நிலைமை மாறும். வெளிநாட்டிலிருந்து மலேசியாவின் 999-ஐ அழைக்க முடியாது, வாட்ஸ்அப்பிலும் முடியாது. அம்மா போனை எடுக்கவில்லை என்றால் மெல்பர்னில் உட்கார்ந்து தவிப்பதுதான் மிச்சம். ஆகவே பக்கத்துப் போலீஸ் நிலையம், பொம்பா நிலையம், மருத்துவமனை இவற்றின் தரைவழி எண்களை +603 அல்லது +604 சேர்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அங்கிளிடம் ஒரு சாவி கொடுங்கள். அவர் ஊரில் இல்லாத நாளுக்கு எதிர் வீட்டு அன்ட்டியிடம் இன்னொன்று. கிளம்புவதற்கு முன் இருவரையும் கூப்பிட்டு, அந்தச் சாவியால் கேட்டையும் கிரில்லையும் அவர்கள் கையாலேயே திறக்கச் சொல்லிப் பாருங்கள்.