பருத்தித் துணியில் மின்தேக்கித் தகடு செய்யும் முறை

சாயமிடாத கைத்தறிப் பருத்தித் துணியைச் சோடா உப்பு கலந்த நீரில் கொதிக்கவைத்து, பாவுக்கு இட்ட கஞ்சி முழுதும் நீங்கும்வரை அலச வேண்டும். கடலூர்க் கடற்காற்றில் பருத்தி ஈரத்தை விரைவாக இழுத்துக்கொள்ளும் என்பதால், வெயிலில் காய்ந்தது போதும் என்று விட்டுவிடாமல், 105 டிகிரி செல்சியஸ் அடுப்பிலும் உலர்த்துவது நல்லது.

பின்னர், கல்லூரி ஆய்வகக் குழாய் உலையில், நைட்ரஜன் ஓட்டத்தில், நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 800 டிகிரிவரை சூடாக்கி, ஒரு மணி நேரம் வைத்திருந்து, முற்றிலும் ஆறிய பிறகே எடுக்க வேண்டும். சூட்டோடு எடுத்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். துணி சுருங்கிக் கரியாக மாறினாலும் பாவும் ஊடையும் அப்படியே தெரியும். அந்த இடைவெளிகள் வழியாகத்தான் பின்னர் சேர்க்கும் கரைசலின் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) உள்ளே செல்கின்றன என்பதால், துணியை மடிக்காமல் இடுக்கியால் எடுங்கள்.

இத்தகைய இரு துண்டுகளுக்கு நடுவே சோடியம் சல்பேட் கரைசலில் நனைத்த வடிதாளை வைத்து, கிராஃபைட் தகடுகளால் அழுத்துங்கள். நீர் 1.23 வோல்ட்டிலேயே பிரியக்கூடும் என்பதால், 1 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்ற வேண்டாம்.