பேலன்ஸைத் தின்னும் மெசேஜ்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

போன வருஷம் எங்கள் அத்தை ரீசார்ஜ் கடைக்காரரோடு ஒரு சண்டை போட்டார். துபாயில் இருக்கும் மகனுக்குப் பேசுவதற்காக முந்தின நாள் சாயங்காலம் 50 ரூபாய்க்கு டாப்-அப் போட்டிருக்கிறார். வரி, கட்டணம் எல்லாம் போக 39.37 ரூபாய் ஏறும், அது அவருக்கும் தெரியும். காலையில் போன் போட்டால் "எப்படி இருக்க" என்று கேட்பதற்குள் கட். பேலன்ஸ் 4 ரூபாய் சொச்சம். "காச வாங்கிப் பெட்டியில போட்டுக்கிட்டு ஏத்தாம விட்டுட்டான்" என்று தெருவே கேட்கும்படி ஏசினார். கடைக்காரர் பாவம், ரீசார்ஜ் ஆன மெசேஜைத் தன் போனில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்.

அத்தையின் பட்டன் போனை வாங்கிப் பார்த்தேன். படிக்காத மெசேஜ் இருநூறுக்கு மேல். மேலிருந்து நாலாவதில் விஷயம் இருந்தது: ஏதோ ராசிபலன் சேவை தொடங்கிவிட்டது, 35 ரூபாய் பிடித்தாயிற்று, 30 நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப்படும். முழுக்க ஆங்கிலம். அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

"ஏதாவது அமுக்கினீங்களா?" என்று கேட்டேன். "திரையில என்னவோ வந்துச்சு, ஓகே அமுக்கினேன். மறுபடி வந்துச்சு, மறுபடி அமுக்கினேன். போயிருச்சு" என்றார்.

அந்த இரண்டாவது அமுக்கலில்தான் எல்லாம் முடிந்துவிட்டது. ராசிபலன், பாட்டு மாதிரி தனிக் காசு பிடிக்கும் இப்படிப்பட்ட மதிப்புக் கூட்டுச் சேவைகளைத் தொடங்க வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் உத்தரவு போட்டது. நம்மைக் காப்பாற்ற வந்த நல்ல விதிதான். ஆனால் திரையில் எது வந்தாலும் ஓகே கொடுத்து அனுப்பிவிடும் கைக்கு அது இரண்டு ஓகே, அவ்வளவுதான். கேட்காமல் வருகிற பெட்டிக்கு ஓகே கொடுக்காதீர்கள். பின்னால் போகும் பொத்தானையோ சிவப்புப் பொத்தானையோ அமுக்குங்கள். யாருக்காவது போன் போடும்போது அவர்களுடைய காலர் டியூன் பிடித்துப்போய், அது சொல்கிறதே என்று நட்சத்திரக் குறியை அமுக்குவதும் இதே கதைதான். பாட்டு இலவசமாக இருக்கலாம், அது ஓடுகிற சேவைக்கு மாத வாடகை இருக்கலாம்.

அடுத்த தவறு, என் அனுபவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது: மெசேஜ் வருகிற எண்ணை பிளாக் செய்வது. தினமும் ராசிபலன் வந்து கடுப்பேற்றினால் கை தானாக பிளாக்குக்குத்தான் போகும். ஆனால் காசைப் பிடிப்பது மெசேஜ் அல்ல. உங்கள் எண்ணின் மேல் ஒரு சந்தா ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதன் கணக்கு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. பிளாக் செய்தால் மெசேஜ் கண்ணில் படாது, காசு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். புதுப்பித்ததைச் சொல்லும் மெசேஜும் சேர்ந்து மறைந்துவிட்டால் இன்னும் மோசம். 1909-க்கு அழைத்து டிஎன்டி பதிந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. டிஎன்டி விளம்பரத் தொல்லைக்கான மருந்து. நம் சம்மதத்தோடு ஓடுவதாகக் கணக்கில் இருக்கிற சந்தாவை அது தொடாது. ஆப்பை அழித்தாலும் இதே நிலைமைதான்.

சந்தாவை நிறுத்த எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக ஒரே எண் இருக்கிறது: 155223. அழைக்கலாம், காசு கிடையாது. அல்லது ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து அந்த எண்ணுக்கே அனுப்பினால், உங்கள் எண்ணில் என்னென்ன சேவை ஓடுகிறது என்று பட்டியல் வரும். வேண்டாததைப் பதிலில் சொல்லி நிறுத்தலாம். சந்தேகமே இல்லாவிட்டாலும் வீட்டில் பெரியவர்கள் போனில் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். அத்தை போனில் ராசிபலனோடு ஒரு கிரிக்கெட் ஸ்கோர் சேவையும் இருந்தது. அத்தைக்கு கிரிக்கெட் என்றால் மாமா டிவியை விட்டு எழுந்திருக்காத நாள், அவ்வளவே.

அந்த ராசிபலன் மெசேஜுக்கே பதில் போட்டுத் திட்டுவது வேறு ஒரு தவறு. நாலு, ஐந்து இலக்கக் குறு எண்களுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ் பல நேரம் நம் பிளானில் அடங்காது, தனிக் காசு. 155223 மாதிரி இலவசம் என்று சொல்லியிருக்கும் எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள்.

"முப்பது ரூபாய்தானே, அப்புறம் பார்க்கலாம்" என்று விடுவதில்தான் நிஜமாகக் காசு போகிறது. சம்மதம் இல்லாமல் சேவை தொடங்கிவிட்டது அல்லது புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்றால், 24 மணி நேரத்துக்குள் சொல்லி நிறுத்தி, பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரம் தாண்டினால் நம் வாதம் இளைத்துவிடும். அத்தை விஷயத்தில் முந்தின நாள் இரவு எட்டரைக்குப் பிடித்திருந்தார்கள், நாங்கள் பேசியது காலை பத்து மணி. தப்பித்தோம்.

பேசும்போது சத்தம் போடுவதைவிட முக்கியம், புகார் எண்ணை வாங்குவது. நிறுவனத்தின் புகார் மையம் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் தர வேண்டும் என்பது விதி. "பார்த்துக்கிறோம் சார்" என்பது பதில் இல்லை, எண் வரும்வரை போனை வைக்காதீர்கள். பிடித்தம் சொன்ன மெசேஜை அழித்துவிடாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பட்டன் போன் என்றால் இன்னொரு போனில் படம் பிடியுங்கள். அழித்தே விட்டீர்களா? சரி, ப்ரீபெய்ட்காரர்களும் கடந்த ஆறு மாதக் கணக்கை வரிவாரியாகக் கேட்டு வாங்கலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது.

புகார் மையத்துக்கு அழைக்கும் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். தேடினால் முதலில் வருவது மோசடிக்காரன் எண்ணாக இருக்கலாம். 35 ரூபாயைத் திருப்பித் தருகிறேன் என்று ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி வங்கிக் கணக்கையே துடைத்துவிடுவான். எண்ணை நிறுவனத்தின் சொந்த ஆப்பிலோ இணையதளத்திலோ பாருங்கள்.

புகார் மையம் கைவிரித்தால் பலர் நேரே டிராய்க்கு எழுதுகிறார்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. அடுத்த படி, அதே நிறுவனத்தில் இருக்கும் மேல்முறையீட்டு ஆணையம். 30 நாளுக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்: தொலைபேசி வழக்குகள் அங்கே வராது என்று நிறுவனங்கள் சொல்லிவந்ததை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. 35 ரூபாய்க்கு நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இரண்டு வருஷமாக மாதம் 99 ரூபாய் போயிருக்கிறது என்றால் போவேன்.

அப்படி வருஷக்கணக்கில் போவது பெரும்பாலும் போஸ்ட்பெய்டில்தான். ப்ரீபெய்டில் பேலன்ஸ் குறைந்தால் உடனே தெரிந்துவிடும். போஸ்ட்பெய்டில் பில் ஆட்டோ-பேயில் போகும், மொத்தத் தொகையை மட்டும் பார்ப்போம், அதுவும் பாதி மாதம் பார்ப்பதில்லை. பில்லின் உள்பக்கத்தில் மதிப்புக் கூட்டுச் சேவை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரில் பணம் கட்டும் வழியாக மொபைல் பில்லை வைத்திருந்தால், பாஸ்வேர்டு கேட்காமல் எதையும் வாங்க முடியாதபடி செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். குழந்தைகள் கையில் போன் இருக்கிற வீடு என்றால் இன்றைக்கே.

ஸ்மார்ட்போனில் இன்னொரு வாசலும் உண்டு. ஜோக்கர் என்ற மால்வேர், அதாவது திருட்டு வேலை செய்யும் மென்பொருள், சாதாரண வால்பேப்பர் ஆப், கேமரா ஆப் வேஷத்தில் வந்து, நமக்கு வரும் எஸ்எம்எஸ்ஸைத் தானே படித்து, நம் பேரில் சந்தா போட்டுவிடும். அந்த வகை ஆப்களில் 1,700-ஐத் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுளே சொன்னது. வால்பேப்பர் மாற்றும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி எதற்கு? கேட்டால் கொடுக்காதீர்கள்.

அத்தைக்கு 35 ரூபாய் மறுநாள் திரும்ப ஏறியது. கடைக்காரரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த டாப்-அப்புக்குப் போகும்போது கொல்லையில் காய்த்த முருங்கைக்காய் நாலு எடுத்துக்கொண்டு போனார்.