இம்பாலிலிருந்து கலே: 175 கிலோமீட்டரை நம்பிக் கிளம்பாதீர்கள்

ரங்கூனில் சொந்தக்காரர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது பல வருஷமாக என் பொறுப்பு. அண்மையில் ஒரு தம்பி போனை நீட்டி, "அண்ணே, இம்பாலிலிருந்து கலே முக்கால் மணி நேரம்தானாம்" என்றான். இம்பால் மணிப்பூரின் தலைநகர், கலே எல்லைக்கு இந்தப் பக்கம் பர்மாவில் இருக்கும் ஊர்; அவன் சொன்னது விமானத்தில் பறக்கும் நேரம். நான் செய்த அதே தவறு. டிக்கெட் போடுவதில் வரும் மற்ற தவறுகள், பெயரில் எழுத்துப் பிழை, பாஸ்போர்ட் காலாவதி எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை விடுகிறேன்.

தூரம் தெரிந்தால் விமானம் இருக்கும் என்று நினைப்பது

இணையத்தில் எந்த இரண்டு விமான நிலையத்தின் பெயரைப் போட்டாலும் தூரமும் நேரமும் வந்து விழும். இம்பால், கலே என்று போட்டால் சுமார் 175 கிலோமீட்டர். வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, ஜெட் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணியைச் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. அந்தக் கோட்டில் யாராவது விமானம் ஓட்டுகிறார்களா என்பது அந்தக் கணக்கில் வராது.

கலேயில் எங்கள் வீட்டுக் கல்யாணம். சென்னையில் இருந்த அத்தானிடம், "இம்பாலுக்கு வந்துடுங்க அத்தான், அங்கிருந்து அரை மணிதான்" என்று நான்தான் சொன்னேன். அவரும் என்னை நம்பி இம்பால் வரை வந்துவிட்டார். கவுன்டரில் கேட்டால் அப்படி ஒரு விமானமே இல்லை. சரி, இந்திய எல்லை ஊரான மோரே வழியாகத் தரையில் பர்மா பக்கத்து எல்லை ஊரான தமுவுக்கு வந்து, அங்கிருந்து 130 கிலோமீட்டர் போல வண்டியில் வரலாம் என்றால், அன்றைக்கு அந்த வழியாகக் கடக்க முன்கூட்டியே தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். விசாவோடு கடக்கும் வசதி 2018 ஆகஸ்டில்தான் வந்தது, அதுவும் 2020இல் கொரோனாவோடு மூடப்பட்டது. கடைசியில் அவர் கல்கத்தாவுக்குத் திரும்பி, அங்கிருந்து ரங்கூன், ரங்கூனிலிருந்து கலே என்று வந்தார். 600, 1,030, 730 என்று கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 2,360 கிலோமீட்டர். அவர் வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று டிக்கெட் காசு போனதைவிட அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லாததுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் தூரத்தைத் தேடாதீர்கள், கால அட்டவணையைத் தேடுங்கள். எந்தக் கிழமையில் ஓடுகிறது, எங்கே மாற வேண்டும், இறங்கும் நாட்டில் எந்த வாசலுக்கு உங்கள் விசா செல்லும், இந்த மூன்றும் தெரியாமல் முதல் டிக்கெட்டைக்கூட வாங்காதீர்கள்.

ஜெட் கணக்கு

ரங்கூனிலிருந்து உள்ளூர்களுக்குப் பெரும்பாலும் ஏடிஆர் 72தான், காற்றாடி வைத்த விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம்தான் போகும். இணையம் சொன்ன நேரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் மாண்டலேயில் இறங்கி ஏறும் நாளும் உண்டு, அன்றைக்கு எந்தக் கணக்கும் செல்லாது.

கடல் மைல்

இம்பால், கலே தூரத்தை எங்காவது 95 என்று போட்டிருந்தால் அது கிலோமீட்டரா, விமானத் தூரத்துக்குச் சொல்லும் கடல் மைலா என்று பாருங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

கடிகாரம்

பர்மா இந்தியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. டிக்கெட்டில் இரண்டு பக்கமும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். கல்கத்தாவில் 10 மணிக்கு ஏறி ரங்கூனில் 1 மணிக்கு இறங்கினால் பறந்தது இரண்டு மணி நேரம். திரும்பும்போது 10 மணிக்கு ஏறி 11 மணிக்கே இறங்குவது போலத் தெரியும், அதை ஒரு மணிப் பயணம் என்று எண்ணி அடுத்த விமானத்தைப் பிடிக்கும் நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.