ஃபிரேம்வொர்க் இல்லாமல் ஒரு காவடி அட்டை

மொரீசியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். கோர் தெ கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலோடு ஒப்பிட்டால் எங்கள் ஊர்க் கோயில் சிறியதுதான். ஆனாலும் கொடியேற்றம் தொடங்கிக் காவடி நாள் வரை எல்லா நிகழ்ச்சிகளையும் இணையத்தில் போட்டாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி அட்டை, அதாவது நாளும் விவரமும் காட்டும் சிறு கட்டம். முன்பு இதற்கு ஒரு பெரிய ஃபிரேம்வொர்க்கை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, பயன்படுத்தினேன். இரண்டு ஆண்டு கழித்து ஒரே ஒரு பூசை நேரத்தைத் திருத்தப் போனால், துணைத் தொகுப்புகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. இப்போது, நாமே புதுக் குறிச்சொல் உருவாக்க உலாவியே தரும் வசதியான வெப் கம்போனென்ட்டுக்கு மாறிவிட்டேன்.

நோட்பேடும் உலாவியும் போதும். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் ஒலியில் தருகிறேன். நீங்கள் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: அச்சு

எச்டிஎம்எல் கோப்பில் 'டெம்ப்ளேட்' குறிச்சொல்லைப் போட்டு ஓர் ஐடி கொடுங்கள். உள்ளே இருப்பதை உலாவி படித்து வைத்துக்கொள்ளும், திரையில் காட்டாது. தலைப்புக்கு ஓர் எச்3, அழகுக்கு 'ஸ்டைல்', விவரத்துக்கு 'ஸ்லாட்'. ஏழு கறி விருந்தில் இலை ஒன்றுதான். எந்த மூலையில் எந்தக் கறி என்பது முன்பே முடிவானது. அந்த மூலைதான் ஸ்லாட். நான் இரண்டு வைத்தேன்: 'தமிழ்' என்று ஒன்று, தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக, இங்கே பரவலாகப் பேசும் மொழியான 'கிரியோல்' என்று இன்னொன்று. ஸ்லாட்டுக்குள் 'விவரம் பின்னர்' என்று எழுதி வைத்தால், எதுவும் பரிமாறாதபோது அது தெரியும்.

படி 2: உயிர்

டெம்ப்ளேட்டுக்குக் கீழே ஸ்கிரிப்ட். 'எச்டிஎம்எல்எலிமென்ட்'டிலிருந்து நீளும் ஒரு கிளாஸ் எழுதுங்கள். கன்ஸ்ட்ரக்டரின் முதல் வரி 'சூப்பர்' அழைப்பு. மறந்தால் பிழைச்செய்தி உடனே வரும். அடுத்து 'அட்டாச்ஷேடோ', மோடு 'ஓப்பன்'. இது வெளிப்பக்கத்திலிருந்து பிரிந்த ஓர் உள்ளறையை, அதாவது ஷேடோவை, அட்டைக்குத் தரும். டெம்ப்ளேட்டின் உள்ளடக்கத்தைப் படியெடுத்து அந்த ஷேடோவில் சேருங்கள். 'கனெக்டட்கால்பேக்' என்னும் முறையில் 'நாள்' பண்பைப் படித்து எச்3-இல் இடுங்கள்.

ஷேடோவின் பயன் எனக்கு உடனே தெரிந்தது. கோயில் தளத்தின் பழைய ஸ்டைல் கோப்பு எல்லா எச்3-ஐயும் கண்ணைப் பறிக்கும் சிவப்பாக்கும். அட்டைக்குள் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. ஆனால் பக்கம் முழுவதற்கும் வைத்த எழுத்துரு உள்ளேயும் வரும். தமிழுக்கு அது நல்லதே.

படி 3: பெயர்

'கஸ்டம்எலிமென்ட்ஸ் டிஃபைன்' என்று பெயரையும் கிளாஸையும் கொடுங்கள். பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும்; ஒரு சிறு கோடாவது இருக்க வேண்டும். கோட்டுக்குப் பிறகு தமிழ் எழுத்தே வரலாம்! என் குறிச்சொல் 'எக்ஸ்-விழா': எக்ஸ் மட்டும் ஆங்கிலம். கிளாஸின் பெயரையும் தமிழிலேயே வைத்தேன்.

படி 4: பயன்பாடு

குறிச்சொல்லைத் திறந்து, நாளைப் பண்பாகக் கொடுத்து, உள்ளே ஒவ்வொரு வரிக்கும் உரிய ஸ்லாட் பெயரைக் குறித்து, மூடுங்கள். மூடுவதுதான் முக்கியம். விவரம் வேண்டாத கொடியேற்ற அட்டையைச் சாய்கோட்டால் சுருக்கி மூடினேன். அதன் பின் வந்த அட்டைகள் அத்தனையும் காணாமற்போயின. நாமே உருவாக்கிய தனிக் குறிச்சொல்லை உலாவி அப்படி மூடாது. மற்றவை முதல் அட்டையின் வயிற்றுக்குள் போய்விட்டன, அவற்றுக்கு இலையில் மூலை இல்லை. முடிவுக் குறிச்சொல்லைத் தனியாக எழுதியதும் எல்லாம் திரும்பின.

ஃபிரேம்வொர்க் வேண்டவே வேண்டாமா? காணிக்கைக் கணக்கு, காவடிப் பதிவு என்று தகவல் மாறமாறத் திரையும் மாற வேண்டிய பக்கமானால் நான் இப்போதும் அதையே எடுப்பேன். அந்த ஒத்திசைவை வெப் கம்போனென்ட் உங்கள் தலையில் கட்டிவிடும். இவ்வகைத் தொகுப்புகளில் பெயர்பெற்ற ரியாக்ட் 2013-இல் வந்தபோது உலாவிகளிடம் இந்த வசதி ஒழுங்காக இல்லை. ஃபயர்ஃபாக்ஸுக்கு 2018-இல்தான் வந்தது. 2024 டிசம்பரில் வெளியான ரியாக்ட் 19 தனிக் குறிச்சொற்களை முழுமையாக ஏற்கிறது. ஆகவே இன்று செய்யும் அட்டையை நாளை அங்கேயும் செருகலாம்.

ஸ்கிரிப்டைக் கோப்புக்குள்ளேயே வைத்தால் சர்வர்கூட வேண்டாம். நான் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கோயில் அலுவலகக் கணினியில் இருமுறை சொடுக்கியதும் திறந்தது.