சால்மன் ஆற்றில் நம் நீர்த்தேக்கப் பழக்கங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லோயர் சிலேத்தார் போன்ற நீர்த்தேக்கங்களில் செயற்கை இரையால் பீக்காக் பாஸ் பிடித்துத் தேர்ந்த சிங்கப்பூர் நண்பர்கள் சிலர், பல ஆண்டுகள் பணம் சேர்த்து, கனடாவிலோ நார்வேயிலோ காட்டுக்குள் தனித்திருக்கும் விடுதிகளுக்கு அட்லாண்டிக் சால்மன் பிடிக்கச் செல்கிறார்கள். அங்கே அவர்கள் ஏமாற்றமடைவதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. இங்கே நன்றாகப் பலித்த பழக்கங்களே அங்கே குறுக்கே நிற்கின்றன.

எல்லாத் தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான்: சால்மன் பசியோடு இருக்கிறது என்று எண்ணுவது. கடலில் கொழுத்து வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் இந்த மீன், நன்னீரில் நுழைந்ததும் உண்பதை நிறுத்திவிடுகிறது. அதன் இரைப்பை சுருங்கிவிடுகிறது. உடலில் சேர்த்த கொழுப்பிலேயே மாதக்கணக்கில் வாழ்கிறது. இறகாலும் நூலாலும் கட்டிய ஃபிளை என்னும் செயற்கை இரையை அது எரிச்சலால் கவ்வுகிறதா, பழைய நினைவால் கவ்வுகிறதா என்பது இன்றும் முடிவாகாத கேள்வி. ஆகவே ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ‘இது பிடிக்கவில்லை போலும்’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஃபிளையை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மடுவின் மேல்முனையில் தொடங்கி, நீரோட்டத்துக்குக் குறுக்கே ஏறத்தாழ 45 பாகையில் கீழ்நோக்கி வீசி, ஃபிளை வளைந்து கரைப்பக்கம் வந்து சேரும்வரை பொறுத்திருந்து, ஓரிரண்டு அடி கீழே நகர்ந்து மீண்டும் வீசவேண்டும். கவ்வும் மனநிலையில் இருக்கும் மீனைத் தேடிச் செல்வதே இந்த வேட்டை.

மிகக் கொடிய தவறு, மீன் தொட்டவுடன் கோலைச் சுண்டி இழுப்பது. தோமான் என்னும் பெரிய விரால் இன மீனைப் பிடிக்கும்போது நொடி தாமதித்தாலும் மீன் போய்விடும் என்று நம் கைக்குப் பாடம் ஏறியிருக்கிறது. சால்மனோ ஃபிளையைக் கவ்வியபின் தன் இடத்துக்குத் திரும்புகிறது; அந்தத் திருப்பத்தில்தான் கொக்கி வாயின் ஓரத்தில் சென்று பதிகிறது. அதற்குமுன் இழுத்தால் கொக்கி வாயிலிருந்து நேராக வெளியே வந்துவிடும். என் முதல் பயணத்தில் மூன்று மீன்களை இப்படியே இழந்தேன். நான்காவது மீன் தொட்டபோது, அருகில் நின்ற வழிகாட்டி என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரீல் தானாகச் சுழன்று கயிறு இறுகிய பிறகே கையை விட்டார். அந்த இரண்டு நொடிகளின் நீளத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மீன் துள்ளும்போதும் இழுத்துப் பிடிக்காமல், கோலைத் தாழ்த்திக் கயிற்றைத் தளர்த்த வேண்டும்.

வந்ததும் மார்பளவு நீரில் இறங்கித் தொலைவில் வீசுவது மற்றொரு தவறு. நீர் பெருகியிருக்கும் நாள்களில் மீன் கரையோரத்தில், முழங்கால் ஆழத்திலேயே கிடக்கக்கூடும். அதன் தலைமேல் மிதித்துவிட்டு நடு ஆற்றில் தேடுவதில் பொருளில்லை. முதல் வீச்சுகள் கரையிலிருந்தே, குறுகியதாக இருக்கட்டும். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றின் பெயரால் வழங்கும், இரண்டு கைகளாலும் கோலைப் பிடித்து வீசும் முறையை விடுதிக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், விலையுயர்ந்த நாள்கள் அதிலேயே கழியும். நீர்புகா காற்சட்டைக்கு மேல் இடைவார் கட்டாமல் ஆற்றில் இறங்கவே கூடாது.

விதிகளைப் படிக்காமல் புறப்படுவதும் நம்மவர்களிடம் காணப்படுகிறது. கனடாவின் நியூ பிரன்சுவிக் மாநிலத்தில் வெளியூரார் வழிகாட்டியோடுதான் சால்மன் பிடிக்க வேண்டும், பிடித்த மீன் எந்த அளவானாலும் விட்டுவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கத் தடை உண்டு. நார்வேயில், 1970களில் நுழைந்த கைரோடாக்டிலஸ் என்ற ஒட்டுண்ணி பல ஆறுகளின் சால்மனை அழித்ததால், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்த பிறகே ஆற்றில் இறங்க முடியும். 2024 ஜூனில் அந்நாடு 33 ஆறுகளைப் பருவத்தின் நடுவிலேயே மூடியது. எனவே பதிவு செய்யுமுன், ஆறு மூடப்பட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, படம் எடுக்கும் ஆசை. 2023இல் இந்த இனம் உலகப் பாதுகாப்புப் பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கும் நிலைக்கு மாற்றப்பட்டது. நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் களைத்த மீன் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. அன்று தூண்டிலை எடுக்கவே வேண்டாம். மற்ற நாள்களில் கையை நனைத்துக்கொண்டு, படத்துக்காக மீனை நீரைவிட்டுத் தூக்காமல், தலை ஓட்டத்தை எதிர்நோக்கும்படி தாங்கிப் பிடித்து, அது தானாக உங்கள் கையைவிட்டு நீந்தும்வரை காத்திருங்கள்.