முதுகெலும்பியா இல்லையா? கண்டுபிடிக்கும் வழி

முதுகெலும்பு இருந்தால் முதுகெலும்பி, அவ்வளவுதான் என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் ஆமை, சுறா, கணவாய் என்று வரும்போது பலருக்கும் குழப்பம் வந்துவிடுகிறது. கீழே உள்ள வரிசையில் பார்த்தால் தெளிவாகிவிடும்.

படி 1: உடலைத் தாங்கும் சட்டகம் உள்ளேயா, வெளியேயா?

நண்டுக்கும் கரப்பானுக்கும் ஓடு வெளியே. அந்த ஓடு வளராது. அதனால்தான் உரித்துவிட்டுப் பெரிதாகின்றன. முதுகெலும்பிகளின் சட்டகம் உள்ளே இருக்கிறது, உடலோடு சேர்ந்து வளர்கிறது. பாம்பும் சட்டை உரிக்கிறதே என்று கேட்கலாம். உரிவது தோலின் மேலடுக்கு மட்டும். உள்ளே முதுகெலும்பின் கண்ணிகளான முள்ளெலும்புகள், பெரும்பாலும் 200-க்கு மேல், அப்படியே இருக்கும். ஆமைக்கு ஓடும் உண்டு, முதுகெலும்பும் உண்டு. மேலோட்டின் உட்புறத்தைப் பார்த்தால் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதோடு ஒட்டியிருப்பது தெரியும்.

படி 2: நரம்பு வடம் எந்தப் பக்கம் போகிறது?

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான சோதனை. சுத்தம் செய்த மீன் முள்ளில் நடுத்தண்டிலிருந்து ஒரு கண்ணியை மட்டும் பிரித்தெடுங்கள். இரு முகமும் குழிந்த ஒரு வட்டம், அதன் மேலே சிறு வளைவு. அந்த வளைவின் துவாரங்கள் வரிசையாகச் சேர்ந்து ஒரு குழாயாகின்றன. முதுகெலும்பிகளின் நரம்பு வடமான தண்டுவடம் முதுகுப் பக்கமாக அதற்குள்தான் பத்திரமாகப் போகிறது. இறாலில் இது தலைகீழ். அதன் முதுகில் தெரியும் கறுப்புக் கோடு குடல்; நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் இருக்கிறது.

படி 3: மூளையை மூடிய மண்டையோடு உண்டா என்று பாருங்கள்.

படி 4: எலும்பு கெட்டியாக இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள்.

சுறாவுக்கும் திருக்கைக்கும் சட்டகம் முழுவதும் குருத்தெலும்பு. ஆனாலும் அவை முதுகெலும்பிகளே. அப்புறம், கருவில் முதுகெலும்புக்கு முன்பே முதுகுநாண் என்ற வளையக்கூடிய தண்டு உருவாகிவிடும். பெரும்பாலான முதுகெலும்பிகளில் முள்ளெலும்புகள் பின்னர் அதன் இடத்தைப் பிடிக்கும். ஆம்பியாக்ஸஸ் என்ற சிறு கடல் உயிரியிலோ வாழ்நாள் முழுக்க முதுகுநாண் மட்டும்தான். முள்ளெலும்பு வராததால் அது முதுகெலும்பி ஆகாது.

இப்போது கணவாயைச் சோதித்துப் பாருங்கள். உடலுக்குள் வெள்ளையாக ஓர் ஓடு இருக்கிறது, படி 1-ஐத் தாண்டிவிடும். ஆனால் அந்த ஓட்டில் கண்ணிகள் இல்லை, அதற்குள் நரம்பு வடமும் போவதில்லை. நீரில் மிதக்க உதவும் அறைகள்தான் இருக்கின்றன. ஆகவே கணவாய் முதுகெலும்பற்றது.